பேசாலைக்குப் பிள்ளை வண்டியோடு போகாதீர்கள்

போன கிழமை மன்னார்த் தீவுக்குப் போய், மூன்றாம் நாளே திரும்பி வந்தேன். போனது ஐப்பசியில் பேரப்பிள்ளை பிறக்கும்வரை தங்குவதற்காக. என் ஒரே மகள் திரேசா பேசாலையில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். சுருட்டுக் கொட்டிலில் முப்பது வருடம் புகையிலைத் தூசி குடித்த நெஞ்சு என்னுடையது. வருகிற மாரிக்காலக் குளிரை அது தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பேரப்பிள்ளையை ஒருதரம் மடியில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. என்னைப்போல மூச்சு முட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் போக நினைத்தால் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைத்தடி காலுக்குத்தான் உதவும், நெஞ்சுக்கு உதவாது. இரண்டு கையையும் ஊன்றி முன்னே சாய்ந்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது மூச்சுப் போகும். துரை ஒருவரின் வீட்டுச் சாமான் ஏலத்தில், குழந்தையைக் கிடத்தித் தள்ளுகிற பிள்ளை வண்டி ஒன்று கிடைத்தது. அதன் பிடியில் சாய்ந்து தள்ளிக்கொண்டே நடப்பேன். தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் நடந்தேனே!

யாழ்ப்பாணத்தில் காலை ரயில். எஞ்சின் புகை வராத கடைசிப் பெட்டியில் ஏறுங்கள். வண்டியைச் சாமான் பெட்டியில் போட விடாதீர்கள். நான் விட்டுவிட்டு, மதவாச்சியில் மாறி ஏறும்போது அது வந்து சேரும்வரை மேடையில் மூச்சிரைக்கக் குந்தியிருந்தேன். வந்ததும் இரண்டு பெண்கள் கிட்டே வந்தார்கள்.

"பிள்ளை நித்திரையோ ஐயா?"

"ஓம், சத்தம் போடாதேங்கோ" என்றேன்.

அவர்கள் எட்டிப் பார்த்தால் உள்ளே நான் உடுக்கும் சாரமும் மருந்துப் போத்தலும். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு இருமலாய் முடிந்தது. இந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பின்னேரம் பேசாலையில் இறங்கினேன். மாட்டு வண்டிக்காரர் நாற்பது சதம் கேட்டு முப்பதுக்கு ஒத்துக்கொண்டார். தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று மண்ணை அள்ளி வீசியது. "வாயைப் பொத்துங்கோ ஐயா, கதைக்காதேங்கோ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல மனுசன்.

வேலிப் படலையடியில் சம்பந்தியம்மா நின்றார். என்னைக் கண்டு மலர்ந்த முகம், வண்டியைக் கண்டதும் செத்துப்போயிற்று.

"குறை நினைக்காதேங்கோ. பிள்ளை பிறக்க முதல் வெறும் பிள்ளை வண்டி வீட்டுக்குள்ள வரக்கூடாது. இவளுக்கு இரண்டு தரம் வயித்திலேயே அழிஞ்சு போச்சுது. இதையாவது மாதா காப்பாற்றித் தரட்டும்."

"என்ர மூட்டை கிடக்குது. வெறும் வண்டி இல்லையே?"

"மூட்டை பிள்ளையோ, சம்பந்தி?"

அவர் அழுதுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மகளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? வண்டியை வேலிக்கு வெளியே விடச் சொன்னேன். மருமகனும் அயலவர் ஒருவரும் என்னை ஒரு கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிப்போய் உள்ளே வைத்தார்கள்.

வைத்த இடத்திலேயே இருந்தேன். மருமகன் கடலுக்குப் போனால் என்னை அசைக்க ஆளில்லை. மறுநாள் காலை கொல்லைப் பக்கம் போக வேண்டியிருந்தது. வண்டிக்குப் பதிலாகக் கதிரையில் சாய்ந்து தள்ளிப் பார்த்தேன், அதன் கால் மணலில் புதைந்தது. மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. திரேசா ஓடிவந்து என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"விடடி! பாரம் தூக்காதை!" என்று சம்பந்தியம்மா குசினி அடுப்படியில் இருந்து கத்தினார்.

அவள் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தபோதுதான் விட்டாள். அன்று முழுவதும் அவள் பாயில் படுத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்கு நன்றி. ஆனால் நான் அந்த வீட்டில் இருந்தால் அவள் தூக்காமல் இருக்கமாட்டாள். என் பிள்ளையை எனக்குத் தெரியும். நாளைக்கே போகிறேன் என்றேன். ஒருவரும் மறிக்கவில்லை.

மறுநாள் கதிரையோடு என்னை வெளியே கொண்டுவந்தார்கள். வண்டிக்குள் பாதிக்கு மணல். அதன் துணிக்கூரையைக் கழுதை ஒன்று சப்பிக்கொண்டு நின்றது. பிடியில் சாய்ந்தேன். பாழாய்ப்போன மூச்சு உடனே வந்தது.

திரேசா படலைக்கு உள்ளேயே நின்றாள். "பிறந்த உடன தந்தி அடிக்கிறம், அப்பு. வண்டியையும் கொண்டு வாங்கோ. பிள்ளையை அதில கிடத்தி நீங்கள்தான் தள்ள வேணும்."

"ஓம் பிள்ளை, வாறன்" என்றேன். மாரியும் அந்த ஐப்பசியில்தான் தொடங்கும் என்று அவளுக்கும் தெரியும்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சோளகம் அடிக்கும் மாதங்களில் போகாதீர்கள். வாய்க்கு ஈரத்துணி கொண்டுபோங்கள். கடைசிப் பெட்டியில் ஏறுங்கள். சாய்ந்து நடக்க எதை வேண்டுமானாலும் செய்வித்துக்கொள்ளுங்கள், பிள்ளை வண்டி மட்டும் வேண்டாம். அதுதான் உங்களிடமும் இருக்கிறதென்றால், பிள்ளை பிறந்த பிறகு போங்கள். உங்களுக்கு அதுவரை மூச்சு இருக்கட்டும்.