அடுப்புக்கார அல்லால் முணுமுணுத்த பெயர்கள்

இல்லை சந்துக்காரர்களே, ஒருக்காலும் இல்லை. அடுப்புக்கார அல்லால் உங்கள் வீட்டுப் பெயர்களை ஜின்னிடம் ஒப்படைக்கவில்லை. ரொட்டி வேகும்போது அவன் உதடு அசைந்தது உண்மை. "பதூல் வீடு, வாத்தியார் வீடு, கொல்லன் வீடு" என்று முணுமுணுத்ததும் உண்மை. அதற்கு மேல் சேர்த்ததெல்லாம் உங்கள் கைச்சரக்கு.

ஸஃப்ரூ ஊரின் அந்தச் சந்தில் அறுபது வீடுகள். அறுபது வீட்டு மாவும் காலையில் பலகையேறி அவன் அடுப்புக்குத்தான் வரும். மூடிய துணியைப் பார்க்காமலே எது யார் வீட்டு ரொட்டி என்று சொல்லிவிடுவான். இருபது வருஷத்தில் ஒரு பலகை மாறியதில்லை.

பிறகு அவன் தம்பி மீலூது, அதே அடுப்பின் புகைக்கூண்டைச் சுத்தம் செய்ய இறங்கியவன், உள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போனான். உடலை இழுத்து வெளியே போட்டது அல்லால்தான். அன்றிலிருந்து அடுப்பு வாயில் குனிந்தாலே அவனுக்கு நெஞ்சு இறுகும், கை உதறும், இதோ உயிர் போகிறது என்று தோன்றும். அப்படியொரு காலையில்தான் பலகை மாறியது. பதூல் வீட்டுச் சம்பந்தி விருந்துக்கு வாத்தியார் வீட்டு முரட்டு வாற்கோதுமை ரொட்டி போய்ச் சேர்ந்தது. பதூல் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அவன் மனைவி இத்தோதான் அவனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். வியாழக்கிழமைகளில், குழந்தைகளை எடை போடும் அறையில், மெக்னஸ் நகரத்திலிருந்து வரும் மனநல மருத்துவர் உட்காருவார். அல்லால் பின்வாசல் வழியாக, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் போய் வந்தான். கேட்டவர்களிடம் பிரஷர் என்றான்.

"மூச்சு முட்டுறப்போ, உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஒண்ணைப் பாருங்க. அது என்னன்னு வாய்விட்டுச் சொல்லுங்க" என்றார் அந்த டாக்டரம்மா.

ரொட்டியை விட்டால் அவனுக்கு வேறென்ன தெரியும்? பார்த்தான், சொன்னான். மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. ஆனால் சந்தின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

அடுத்த வியாழன் காலை இத்தோவின் அண்ணன் ஹம்மூ வேனோடு வந்து நின்றான். இன்ஜினைக்கூட அணைக்காமல் வீட்டுக்குள் வந்தான்.

"கிளம்பு மாப்ள. ஜின் பிடிச்சவன் கைப்பட்ட ரொட்டிய எவனும் திங்க மாட்டான். தர்காவுல நாப்பது நாள் கிட, தானா இறங்கிடும். அடுப்ப வேற ஆளுக்கிட்ட குடுக்கறதா சந்துல பேசி முடிச்சாச்சு."

இத்தோ குறுக்கே வந்தாள். "இன்னைக்கு இவருக்கு டாக்டரம்மா நாள்."

"மெதுவாப் பேசுடி! பைத்தியக்கார டாக்டர்கிட்ட போறான்னு தெரிஞ்சா உன் பொண்ண எவன் கட்டுவான்?"

"ஜின்னு ஜின்னுன்னு இவ்வளவு நேரம் தெருவே கேக்கக் கத்தினியே அண்ணே, அதுக்கு மட்டும் மாப்பிள்ளைங்க வரிசைல வந்து நிப்பாங்களா?"

அல்லால் செருப்பைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். முன்கதவுக்கு வெளியே, எதிரில் இருந்த அடுப்பின் முன் பெண்கள் பலகைகளோடு நின்றார்கள். எல்லோரும் உள்ளே நடப்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹம்மூவே கொஞ்சம் விட்டுக்கொடுத்தான். "சரி, போய்த் தொலை. பின்வாசல் வழியாப் போ. யார் கண்ணுலயும் படாதே."

"பின்வாசல் வழியாப் போனதுலதான் மச்சான் இவ்வளவும் வந்துச்சு" என்றபடி அல்லால் எழுந்து முன்கதவைத் திறந்தான்.

"எங்கே அல்லால், பிரஷரா?" கூட்டத்திலிருந்து கேட்டது பதூல்தான்.

"பிரஷர் இல்ல லல்லா பதூல். மனசு டாக்டர். மீலூத வெளிய இழுத்தப்ப பிடிச்ச நடுக்கம், இன்னும் விடல. அடுப்பாண்ட உங்க பேரச் சொன்னேனே, அது எனக்கு மருந்து. வேறொண்ணும் இல்ல."

கொல்லன் மனைவி பலகையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"பதினோரு மணிக்கு வந்து அடுப்பு மூட்டுவேன். பலகைய வைக்கறவங்க வைங்க. எடுத்துட்டுப் போறவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கை அப்போதும் உதறிக்கொண்டுதான் இருந்தது. அதை அவன் பைக்குள் ஒளித்துக்கொள்ளவில்லை. வாசல்படியிலிருந்து இறங்கி, உங்கள் எல்லோருக்கும் நடுவில், சுகாதார நிலையத்தைப் பார்த்து நடந்தான்.