அங்கமுத்து முடிச்சும் கல்லில் இருந்த மாலையும்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் அங்கமுத்துவைத் தெரியாத கல்யாண வீடு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அடுத்தவர் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிய கையால் சொந்தக் கடை போட்ட மனுஷன். மற்றவர்கள் கட்டும் மாலையில் தாலி கட்டும் முன்பே பூ சரிந்து அடியில் குவிந்துவிடும். அவர் மாலை மறுநாளும் அசையாது. நாரைத் திருப்பி உள்வாங்கிப் போடும் ஒரு முடிச்சு, அவரே கண்டுபிடித்தது. பிழைப்பே அதில்தான் நிற்கிறது. அதனால் ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் மாலை கட்டுவார். பெண்டாட்டி ரெங்கம்மாளுக்குக்கூட அதைக் காட்டியதில்லை.

போன மாதம் வினோதினி என்று ஒரு பெண் வந்தாள். சிற்பம் படிக்கிறாளாம். கீழப்பழுவூர்ப் பக்கத்துக் கோயில் சிலை ஒன்றின் கழுத்து மாலையைப் போனில் காட்டினாள்.

"இதே மாதிரி நெசப் பூவுல வேணுங்கய்யா. கண்காட்சியில உங்க பேரு போட்டு வைப்போம். கட்டுறப்ப நான் பக்கத்துல இருந்து பாக்கலாமா?"

அங்கமுத்துவுக்குச் சுருக்கென்றது. சற்று முன்புதான் அந்தப் பெண் எதிர்ப் பூக்கடை அய்யம்பெருமாளிடம் பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தார்.

"அவன் அனுப்புன ஆளு" என்றார் பெண்டாட்டியிடம்.

"ஆமா, ஒன் முடிச்சத் திருடத்தான் அந்தப் புள்ள காலேஜு சேந்துச்சாக்கும்!"

அவர் கேட்கவில்லை. வினோதினி எதிரில் சம்பங்கியையும் அரளியையும் வேண்டுமென்றே சாதா முடிச்சில் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மத்தியானம், தன் பேரைப் பார்க்கும் ஆசையில் பஸ் ஏறிக் கண்காட்சி நடந்த மண்டபத்துக்குப் போனார். மாலை சரிந்து, மேலே வெறும் நார் தெரிந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'அங்கமுத்து, ஜெயங்கொண்டம்'. பக்கத்தில் அய்யம்பெருமாள்.

"என்னண்ணே, கையி நடுங்குதா?"

பேரைக் காப்பாற்றினால் முடிச்சு போய்விடும். முடிச்சைக் காப்பாற்றினால் பேர் போய்விடும். புதுப் பூ வாங்கி வரச் சொன்னார். எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். சிலையின் பின்பக்கம். கழுத்துக்குக் கீழே, கல்லில், அவருடைய முடிச்சு.

"இது எப்படிக் கட்டுனதுன்னு யாருக்கும் சொல்லத் தெரியலைங்கய்யா. பூக்கடை பூக்கடையா ஏறி எறங்கினேன். எதிர்க்கடைக்காரருதான் உங்களக் கேக்கச் சொன்னாரு" என்றாள் பின்னால் நின்ற வினோதினி.

அங்கமுத்து படத்தை மேலும் கீழும் பார்த்தார். கல்லே ஊருக்குக் காட்டிக்கொண்டு நிற்கும்போது இவர் மறைத்து என்ன ஆகப்போகிறது? திரும்பி, அய்யம்பெருமாளுக்கு நேரெதிரே உட்கார்ந்து, நாரை இழுத்துத் திருப்பினார். மாலை விறைப்பாக நின்றது. அய்யம்பெருமாளின் கண் இமைக்கவில்லை.

"நல்லா பாத்துக்கடா" என்றவர் வினோதினியிடம் திரும்பினார்.

"பாப்பா, அந்தச் செல செஞ்சவன் எந்தூருக்காரன்? எங்க பாட்டன் பூட்டன் எவனோ மாலை கட்டுறப்ப, பின்னால நின்னு திருட்டுத்தனமா பாத்திருக்கான். நல்லா வெசாரிச்சுச் சொல்லு."