நடந்து முடியாத வட்டாரம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆனாலும் குசினி அலுமாரியின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் பெரிய பானையைப் பார்த்தால் எனக்கு ரீச்சரின் நினைவுதான் வரும்.

தொண்ணூறுகளில், ஸ்காபரோ நகரத்து மோர்னிங்சைட் பகுதியில், ஓர் அடுக்குமாடியில் எனக்கு மேல்வீட்டில் இருந்தவர் ரீச்சர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெருந்தெருவைக் கடக்கும் இடத்தில் சிக்னல் லைட் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அடுத்த தேர்தலில் நகரசபைக்குத் தானே நிற்பதென்று முடிவெடுத்தார். கார் இல்லை. வேலை முடிந்து வந்து, பனிச் சப்பாத்தோடு எங்கள் வட்டாரம் முழுக்க வீடு வீடாக நடந்தார். நானும் கூடப் போவேன். அவர் ஆங்கிலத்தில் கதைப்பார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

"எலெக்சனிலை வெண்டாப் பிறகு எங்களைத் தெரியுமோ, ரீச்சர்?" என்று கீழ்வீட்டு அண்ணை பகிடி விடுவார்.

"வோட்டுப் போடாத ஆக்களைத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கும், அண்ணை."

அப்போதுதான் மாகாண அரசு ஸ்காபரோவையும் பக்கத்து நகரங்களையும் ஒன்றாக்கி, தேர்தல் வட்டாரங்களைப் பெரிதாக்கப் போகிறது என்ற கதை வந்தது. சம்மதமா என்று நகரசபைகள் சனத்திடம் வாக்குக் கேட்டன. குடியுரிமை எடுத்திருந்த நானும் 'வேண்டாம்' என்று போட்டேன். வேண்டாம்தான் வென்றது.

"சனம் சொல்லிப்போட்டுது அக்கா. இனி ஆர் மாத்துறது?" என்றார் ரீச்சர். அந்தப் பானையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். பால் பொங்கியபோது ரீச்சர் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சனத்தின் வாக்கு அரசைக் கட்டுப்படுத்தாது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் சட்டம் நிறைவேறியது.

புதிய வட்டாரத்தின் வரைபடத்தை ரீச்சர் என் மேசையில் விரித்தார். எங்கள் தெரு ஒரு மூலையில் கிடந்தது. எல்லைக்கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டு போனவர், பாதியில் எடுத்துவிட்டார்.

"இது கார் வைச்சிருக்கிற ஆக்களின்ரை வட்டாரம், அக்கா. என்ரை காலுக்கு எட்டாது."

அவர் தேர்தலில் நிற்கவில்லை. பிறகு மகனோடு பக்கத்து நகரமான பிக்கரிங்குக்குப் போனார், அங்கேயே காலமானார். அந்த இடத்தில் இன்னும் லைட் இல்லை. பிள்ளைகள் ஓடித்தான் கடக்கிறார்கள். நான் அதற்குப் பிறகு வாக்குப் போடப் போனதில்லை. பானையையும் இறக்கவில்லை.

எழுத்துக் கூட்டிக் கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன். பேத்தி பக்கத்தில் இருக்கிறாள்.

"பிள்ளை, இதை ஒருக்கால் வாசிச்சுக் காட்டு. பால் பொங்கி ரீச்சர் கைதட்டின இடத்தோட நிப்பாட்டு. அதுக்கு அங்கால வாசியாதை."