மிஷினுக்குப் போட்ட மாலை

ஆயுத பூஜைக்குப் பெண் வீட்டாரைக் கம்பெனிக்கே வரச் சொல்லலாம் என்றது அப்பாதான்.

வீட்டுக்கு வந்தால் உட்கார இடமில்லை. கள்ளிக்குப்பத்தில் எங்களுக்கு ஒரே அறை. கம்பெனியில் இடம் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பொரி கடலை முதலாளி செலவு. பூஜை அன்றைக்கு வேலை செய்கிற எல்லாருடைய வீட்டு ஆட்களும் வருவார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் பெண் வீட்டாரும் வந்தால், மாப்பிள்ளையையும் பார்த்த மாதிரி, வேலையையும் பார்த்த மாதிரி. அப்பா சொன்னால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டோம். பேசினாலும் அவர் காதில் விழாது.

மாப்பிள்ளை என்றால் சித்தப்பா. அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பைப் கம்பெனியில் வேலை. கட்டில், நாற்காலி, பள்ளிக்கூட பெஞ்சுக்குப் போகிற மெல்லிசான இரும்பு பைப் அங்கே செய்வார்கள். சித்தப்பா பேசமாட்டார். சோறு போதும் என்பதைக்கூடத் தட்டுக்கு மேலே கையை வைத்துத்தான் சொல்வார். ஏற்கெனவே வந்த இரண்டு இடமும் அதனாலேயே போயிற்று. பையனுக்குக் காது கேட்காதோ என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள்.

இந்த முறை அப்பா முந்திக்கொண்டார். தம்பி மிஷின் ஆப்பரேட்டர் என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா ஆப்பரேட்டர் இல்லை. ஹெல்பர். அந்த வருடம்தான் கரண்டில் சூடாக்கி பைப் ஒட்டுகிற மிஷின் வடக்கே எங்கிருந்தோ லாரியில் வந்தது. பழைய மிஷின்தான், ஆனால் கம்பெனிக்குப் புதிது. அதோடு ஒரு ஆளும் வந்தார். அவர் ஓட்டுவார், சித்தப்பா கூட நிற்பார். ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன அந்த ஆள் திரும்பி வரவில்லை. மிஷின் சும்மா நின்றது. முதலாளி சித்தப்பாவைக் கூப்பிட்டார். பூஜை அன்றைக்கு நீ ஓட்டிக் காட்டு, பைப் ஒழுங்காக வந்தால் மிஷின் உன் கையில், வராவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுக்கிறேன் என்றார்.

அதைக் கேட்டதும் அப்பா தெளிவாகிவிட்டார். பூஜை அன்றைக்கு ஓட்டப் போகிறான். அப்படியென்றால் பூஜை அன்றைக்கு அவன் ஆப்பரேட்டர். பொய் எங்கே இருக்கிறது? அம்மா துணி மடித்தாள்.

நான் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும். புதுப் பாவாடை தைப்பார்கள்.

பூஜைக்கு அம்மா முந்தின நாளே எலுமிச்சம்பழமும் சாமந்தியும் சேர்த்து நூலில் கோத்து மாலை கட்டினாள். பஸ்ஸில் கூட்டம். எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கும்போது ஒரு ஆளின் பையில் மாலை மாட்டி, நூல் அறுந்துவிட்டது. பழங்கள் ரோட்டில் உருண்டன. நானும் அம்மாவும் ஓடி ஓடிப் பொறுக்கினோம்.

அப்பா கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர். அவர் சட்டைப்பையில் பீடி இருக்கிறதோ இல்லையோ, கட்டுக் கம்பி இருக்கும். எங்கள் வீட்டில் அறுந்தது, உடைந்தது எல்லாம் அந்தக் கம்பியால்தான் சேரும். என் செருப்பு வார், அம்மாவின் குடை, சாமி படத்தின் சட்டம். கம்பெனி வாசலில் உட்கார்ந்து பழத்தையும் பூவையும் கம்பியில் கோத்தார். இரண்டு நுனியையும் சேர்த்து, கொக்கி போட்டு முறுக்கி, இழுத்துப் பார்த்தார்.

"பில்டிங்கே வுழுந்தாலும் இது வுழாது," என்றார்.

உள்ளே எல்லாம் கழுவித் துடைத்திருந்தார்கள். வாசலில் வாழைக்கன்று. மிஷின் நீளமாக, ஒரு ரயில் பெட்டி போல இருந்தது. உருளை உருளையாக எல்லாவற்றுக்கும் பூ, பொட்டு. நடுவில் விரல் தடிமனில் ஒரு செப்புக் குழாயை வளையம் வளையமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மட்டும் பூ இல்லை. அப்பா பார்த்தார். மிஷினிலேயே பளபளவென்று இருக்கிறது அது ஒன்றுதான், அதைப் போய் யாரும் கவனிக்கவில்லையே என்று சொல்லி, மாலையை அதன் மேலேயே மாட்டிவிட்டார். சித்தப்பா அந்தப் பக்கம் சுவிட்ச் பெட்டிகிட்டே நின்றார். அவர் பார்த்திருந்தாலும் பூதான் தெரிந்திருக்கும். கம்பி உள்ளே இருந்தது.

பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குப் பட்டாபிராமில் சைக்கிள் கடை. கையெல்லாம் கிரீஸ் ஏறி, கழுவினாலும் போகாத கறுப்பு. பெண்ணின் அம்மா குங்குமம் பெரிதாக வைத்திருந்தார். அந்த அக்கா மெலிசாக, உயரமாக இருந்தார். தலை குனிந்திருந்தது. சித்தப்பாவும் தலை குனிந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி கற்பூரம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு முதலாளி சித்தப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

சித்தப்பா மிஷினைப் போட்டார். ஒரு பக்கம் சுற்றியிருந்த தகட்டு நாடா மெதுவாக உள்ளே போனது. முதல் உருளையில் கொஞ்சம் வளைந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். போகப் போகக் குழாயாகிவிட்டது, மேலே ஒரு கோடு மட்டும் பிளந்திருந்தது. அந்தப் பிளவோடு செப்பு வளையத்துக்குள் நுழைந்தது. சித்தப்பா ஒரு குமிழைத் திருப்பினார்.

எல்லாரும் பைப்பைப் பார்த்தார்கள். நான் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் மாலை ஆச்சே. பூவுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அப்புறம் புகை. அப்புறம் சாமந்தி பற்றிக்கொண்டது. எலுமிச்சம்பழம் உஸ்ஸென்று சீறியது. ஒன்று வெடித்து முதலாளி சட்டையில் தெறித்தது. அந்தப் பக்கம் பைப் பிளந்த வாயோடு அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. ஒட்டவே இல்லை.

சித்தப்பா நிறுத்திவிட்டார். தீய்ந்த எலுமிச்சம்பழ வாசனை.

"சாமிக்குப் போட்ட பூவு கருகிடுச்சே," என்றார் பெண்ணின் அம்மா. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"நேத்து வாங்குன பூவு. வெய்யில்ல வாடிப்போச்சு," என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் சித்தப்பாகிட்டே போனார்.

"எத்தினி வருசமா நைனா இத்த ஓட்டிக்கினு கீறே?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார். சித்தப்பா ஏதாவது ஒரு வருடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இன்னிக்குத்தான் மொத."

"இதுக்கு முன்னாடி?"

"ஹெல்பர்."

"உங்கண்ணன் ஆப்பரேட்டர்னாரு."

"இன்னிக்கு ஓட்றான்ல," என்றார் அப்பா.

"ஓட்ன லட்சணம்தான் பாத்தோமே."

முதலாளி பிளந்து வந்த பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். கீழே போட்டார். அந்தச் சத்தத்தில் சித்தப்பாவின் முகம் சுருங்கியது. சைக்கிள் கடைக்காரர் மனைவியைப் பார்த்து, கிளம்பலாம் என்று கையைக் காட்டினார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். என் பாவாடை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அந்த அக்கா கேட்டார்.

"கம்பி மட்டும் ஏன் அப்படி செவந்துச்சு? செம்பு அப்படியே கீதே?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மற்றவர்களும் பார்த்ததில்லை போல. எல்லாரும் திரும்பினார்கள். அவர் அம்மா இடுப்பில் கிள்ளியதை நான் பார்த்தேன். அக்கா நகரவில்லை.

சித்தப்பா தலையைத் தூக்கினார். சுவிட்ச் பெட்டிக்குப் போய், மெயினை இறக்கிவிட்டு வந்தார்.

"இதுல நெருப்பே கெடையாதுங்க," என்றார். "கரண்டு இந்த செம்புக்குள்ள ஓடுது. செம்புக்குள்ள தண்ணியும் ஓடுது, அதான் அது சுடாது. ஆனா கிட்ட இரும்பு வந்தா, தொடாமயே இரும்பு சூடாயிடும். பைப்போட வாய் அப்படித்தான் செவக்கும். செவந்த ஒடனே ரெண்டு பக்கமும் உருளை அமுக்கும். ஒட்டிக்கும்."

"கம்பியும் இரும்பு."

"ஆமாங்க. அதுவும் வளையமா முறுக்கி வெச்சிருக்காங்க. பைப்புக்குப் போக வேண்டியது மாலைக்குப் போயிடுச்சு."

இடுக்கி எடுத்துக் கம்பியை அறுத்தார். நீலமும் கறுப்புமாக ஆகியிருந்தது. அக்கா கையில் கொடுத்தார். அக்கா வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பூவு?"

"பூவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. கம்பிதான் பூவ சுட்டுச்சு."

"தண்ணி எதுக்கு?"

"செம்பு சுடாம இருக்க."

இதை அவர் இப்போதுதான் சொன்னார். எனக்கே நினைவிருந்தது. ஆனாலும் அக்கா அடுத்ததாக, உருளை எதற்கு என்றார். அதையும் சொல்லியாயிற்று. சித்தப்பா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் என் ஆயுசில் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை, வாயைத் திறந்தபடி நின்றார். சைக்கிள் கடைக்காரர் போகிறவர் போகாமல் வாசல்படியில் நின்றார். மகளை விட்டுவிட்டா போக முடியும்?

"நார்ல கட்டிப் போட்டா கருகாதில்ல?" என்றார் அக்கா.

"கருகாதுங்க."

"அப்ப ஓட்டிக் காட்டுங்க."

வாசலில் இருந்த வாழைக்கன்றிலிருந்து அவரே நார் கிழித்தார். கருகாமல் தப்பின பழம் கொஞ்சம் இருந்தது. அம்மாவும் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தரையில் சாக்கைப் போட்டுக் கோத்தார்கள். அப்பா உதவிக்குப் போனார். அம்மா அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். அவர் திரும்பி வந்துவிட்டார்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி, ஒரே ஒரு தடவை என்றார்.

சித்தப்பா நார் மாலையைச் செம்புக்கு மேலே இருந்த சட்டத்தில் தொங்கவிட்டார். பிறகு மிஷினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எல்லா மாலையையும் விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் அப்பாவையும் ஒரு பார்வை பார்த்தார்.

தகடு போனது. வளைந்தது. குழாயாகி வளையத்துக்குள் நுழைந்தது. குமிழைத் திருப்பினார். நெருப்பு இல்லை, ஒன்றும் இல்லை. திடீரென்று பிளவின் இரண்டு ஓரமும் குங்குமம் மாதிரி சிவந்தது, அப்புறம் வெளுத்தது. உருளை அமுக்கியது. பொறி பறந்தது. சூட்டை ஆற்ற வெள்ளைத் தண்ணீர் கொட்டி ஆவி எழும்பியது. அந்தப் பக்கம் பைப் வாய் மூடி வந்தது. மேலே மாலை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் முதலாளி இன்னும் சிரிக்கவில்லை. ஒட்டின மாதிரி தெரியும், அடித்தால் விட்டுவிடும். அதற்கு அங்கே ஒரு வழக்கம். ஓரத்தில் மோதிரம் போல ஒரு துண்டு வெட்டி, பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியால் தட்டையாக அடிப்பார்கள். ஒட்டின கோடு விரிந்தால் அவ்வளவு பைப்பும் பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான். ஒருவர் துண்டை வெட்டிக்கொண்டு வந்தார்.

"குடு இங்க," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

வாசல்படியிலிருந்து இறங்கி வந்திருந்தார். "சைக்கிள்ல பைப்பு வுட்டுச்சுனா எவன் பல்லு போவும்னு எனக்குத்தான் தெரியும்."

துண்டைத் திருப்பி, ஒட்டின கோடு பக்கவாட்டில் வருகிற மாதிரி வைத்தார். அங்கேதான் மடிப்பு விழும், அங்கேதான் முதலில் விடும். ஓங்கி அடித்தார். ஒரு அடி இல்லை, கோபம் தீருகிற வரைக்கும். பெண்ணின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா மூடவில்லை. துண்டு வெற்றிலை மாதிரி தட்டையாயிற்று. கடைக்காரர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு நகத்தால் கோட்டைச் சுரண்டினார்.

"நிக்குது," என்றார்.

முதலாளி அப்போதுதான் சட்டையில் ஒட்டியிருந்த எலுமிச்சை விதையைத் தட்டிவிட்டார். நாளைக்கு விஜயதசமி, காலையில் நீயே வந்து மிஷினைப் போடு என்றார் சித்தப்பாகிட்டே. சித்தப்பா தலையாட்டினார். பேச்சு தீர்ந்துவிட்டது அவருக்கு.

பொரி கொடுத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

"தம்பிக்குப் பொய் வராது போல. ஊட்ல மொத்தத்தையும் நீயே பேசி முடிச்சுடுவியா நைனா?" என்றார்.

அப்பா பொரியை மென்றார். "தை பொறக்கட்டும், பேசுவோம்," என்றார் கடைக்காரர்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சித்தப்பா முன்னால் ஜன்னல் ஓரம். எனக்கு ஒரே கவலை. நல்ல அக்காதான், ஆனால் வீட்டுக்கு வந்தால் நமக்குத்தானே கஷ்டம். அம்மாகிட்டே சொன்னேன்.

"அந்த அக்காவுக்கு மண்டைல ஒண்ணுமே ஏறலம்மா. சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. எனக்கு மொத தடவையே புரிஞ்சுபோச்சு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பாவும் சிரித்தார், அவர் சிரிப்பது அபூர்வம். முன் சீட்டில் சித்தப்பா திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே அப்படி என்ன இருந்ததோ, அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. புரியாதவர்களுக்குத்தான் வீட்டில் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும், அதை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டு, பொரிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.