தூங்கிப்போன மணிக்கட்டு

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் ராயபுரத்துக்காரன் நான். சென்ற கோடையில் மதியச் சோறு முடித்து, பெஞ்சின் சாய்மானக் கட்டைமேல் வலது கையைத் தொங்கவிட்டுத் தூங்கிப்போனேன். விழித்தால் மணிக்கட்டு வாடிய தண்டாகத் தொங்குகிறது, நிமிர்த்த முடியவில்லை. லீவரை இழுக்காத கைக்குத் துறைமுகத்தில் ஏது சோறு?

வீட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக் காதர் பாய் தம் புறாக்களில் ஒன்றைக் கொண்டுவந்தார். "பக்கவாதம் மாமு! புறா ரத்தம் சூடா தேச்சா சரியாப்பூடும்." அதை என்னிடம் கொடுத்துவிட்டுக் கத்தி தேடினார். துவண்ட கையிலிருந்து புறா நழுவிக் கூரையேறிவிட்டது. அழுதுகொண்டிருந்த என் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புறாவையே புடிக்கல, இவரு வின்ச்ச புடிக்கப்போறாரு!"

ஆஸ்பத்திரி டாக்டர் என் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கி நிமிர்த்தி, "இப்ப என் விரலைப் புடி" என்றார். பிடித்தேன். "ஐயோ, விடுய்யா!" அந்த அலறலைப்போல் இனிய ஓசையை நான் கேட்டதில்லை.

"இது பக்கவாதமில்லே. தசை நல்லாயிருக்கு. நரம்பு சேதி கொண்டுவந்தாத்தான் அது சுருங்கும். மேல்கை நரம்பைக் கட்டையில அழுத்திட்டே. தானா முழிச்சுக்கும்."

மணிக்கட்டு தொங்காமலிருக்கச் சிம்பு வைத்துக் கட்டினார். சில வாரம் கழித்து, குளிக்கச் சிம்பை அவிழ்த்தபோது, முளை மண்ணைத் தள்ளுவதுபோல் மணிக்கட்டு மெல்ல நிமிர்ந்தது. "தூக்குது, தூக்குது!" என்று மனைவி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

வின்ச்சுக்குத் திரும்பிவிட்டேன். இப்போதெல்லாம் தரையில் சாக்கு விரித்து, இரு கைகளையும் மார்பில் வைத்தே தூங்குகிறேன். "இன்னா மாமு, பொணமாட்டம் கீற?" என்கிறார்கள் தோஸ்துகள். சொல்லட்டும். வேலைக்குக் கூப்பிட்டதும் என்னில் முதலில் எழுபவை அந்தக் கைகள்தாம்.