நினைவுக் கல்லில் என் இனிஷியல்

நான் ஒரு மடையன். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும். எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது — அதுதான் விசேஷம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு நினைவுக் கல் திறப்பு விழா. வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன அந்தப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர், போன வருஷம் சுரங்கக் கூரை இடிந்து உள்ளேயே புதைந்துவிட்டார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. ஊர் மன்றம் ஒன்று ஸ்டேஷன் ரோட்டில் அவர்களுக்குக் கல் நட்டிருந்தது. திறந்து வைக்க ஒரு பிரமுகர் வேண்டுமே? மந்திரி வரவில்லை. சினிமாக்காரர் வரவில்லை. நான் போனேன். அதுவும் அவர்களைப் போன்றவர்கள் வெட்டிய கரியில் எடுத்த மின்சாரத்தில் ஓடுகிற ரயிலில்.

விழாவுக்கு முன்பே திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். ரத்தம் கொதித்தது! 'திறந்து வைத்தவர்' என்று முதல் வரியில் கொட்டை எழுத்தில் என் பெயர்... இனிஷியலைக் காணோம். என்னைப் பெற்றவர் என்ன பாவம் செய்தார்?

மன்றத் தலைவர் கையைப் பிசைந்தார். "பேஜாரா பூட்ச்சு சார். டேய் ராஜு, சாருக்கு ஒரு எழுத்து போட்றா!"

"எடமே இல்லியே நைனா" என்று கல் கொத்துகிற ராஜு தலையைச் சொறிந்தார். இருந்தாலும் இடுக்கில் ஒன்றைச் செருகிவிட்டார். மூக்குத்தி மாதிரி அழகாக உட்கார்ந்தது.

அப்போதுதான் எல்லம்மா வந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். சுரங்கத்தில் போன மாரியின் மனைவி. இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள், கையில் தேங்காய், கற்பூரம்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். எங்க ஊட்டுக்காரரு பேரு எங்க கீது?"

கம்பீரமாகக் குனிந்து, உரக்கப் படித்தேன். திறந்து வைத்தவர் — நான். தலைமை — மன்றத் தலைவர். முன்னிலை — அரிசி மில் முதலாளி. வரவேற்புரை, நன்றியுரை, ஒலிபெருக்கி உபயம்... கடைசியில், பொடி எழுத்தில், 'சுரங்கத் தோழர்கள் நினைவாக'.

மைக்செட்காரர் பெயர் இருந்தது. செத்தவர்கள் பெயர் இல்லை.

நம் ஊரில் நினைவுக் கல் நடுவது செத்தவர்களை மறக்காமல் இருக்கவா? இருக்கிறவர்களை யாரும் மறந்துவிடக் கூடாதே என்றல்லவா!

"எல்லாரையும் சேத்துதாம்மா தோழர்கள்னு போட்டுக்கீது" என்றார் தலைவர்.

"அவர யாரு தோழர்னு கூப்ட்டாங்க? மாரின்னுதான் கூப்டுவாங்க. பொணமும் வர்ல, பொதைச்ச எடமும் இல்ல. இந்தக் கல்லாவது கீதேன்னு புள்ளைங்கள இட்டுக்கினு வந்தேன். இப்ப யாருக்குக் கற்பூரம் கொளுத்தறது... மைக்செட்டுக்கா?"

என் இனிஷியலிலிருந்து இன்னும் கல் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் சமாளித்தேன். "மூணு பேர் பேரையும் போட்டுடலாம்மா. இடம்தான் இல்லை. எங்கே போடலாம், நீயே சொல்லு."

எல்லம்மா யோசிக்கவே இல்லை.

"உன் பேர எடுத்துட்டு அங்க போடு சார்."