அக்கா தைத்த சம்மனசுகள்

அந்தச் சம்மனசு, துணியில் தைத்த அந்தத் தேவதூதன், ஒரு சாண் உயரம்கூட இராது. பழைய மல் வேட்டித் துணியில் உடம்பு, கறுப்பு நூலில் இரண்டு புள்ளிகளாகக் கண்கள், சிவப்பு நூலில் சின்ன வாய், முதுகில் இரண்டு சிறகுகள். என் அறையின் கிழக்கு ஜன்னலில் அது தொங்கிக்கொண்டிருக்கும். காலை வெயில் பட்டால் சிறகுகள் பட்டுப்போல் மின்னும். காற்றில் அசைந்தால் அவற்றிலிருந்து மெல்லிய பொடி கிளம்பி வெயிலில் சுழலும். அதைப் பார்த்துக்கொண்டே பல நாள் காபி குடித்திருக்கிறேன். அழகான காட்சி என்றுதான் அப்போது நினைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக எனக்கு முதல் வேலை. திருவாலங்காட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து தனியாக வந்த எனக்கு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒட்டி ஒட்டி நின்ற ஓட்டு வீடுகளில் ஓர் அறை கிடைத்தது. அடுத்த வீட்டில் அக்காவும் அவர் கணவரும். இருவரையும் அக்கா, அண்ணன் என்றே கூப்பிடுவேன். கத்தோலிக்கக் குடும்பம், பிள்ளைகள் இல்லை. பாய்லர்களுக்குச் சுற்றும் கயிறும் துணியும் செய்கிற தொழிற்சாலையில் அண்ணனுக்கு வேலை. அதற்கு முன்பும் வடசென்னைப் பக்கத்தில் பல வருஷம் இதே வேலைதான் பார்த்திருந்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது மாவு மில்லிலிருந்து வருகிறவரைப் போல அவர் புருவமெல்லாம் வெளுத்திருக்கும். அக்கா வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றி வாங்கிப் பட்டென்று உதறுவார். இருவரும் அந்தப் புழுதிக்கு நடுவில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டை அலங்கரிக்க அக்கா துணியில் சம்மனசுகள் தைப்பார். கடைப் பஞ்சில் செய்த சிறகுகள் சில நாளிலேயே தொய்ந்துவிடுகின்றன என்று அவருக்கு மனக்குறை. ஒரு வருஷம் அண்ணன், வேலையிடத்தில் கழித்துப்போட்ட வெள்ளை இழைகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். அங்கே அதையும் பஞ்சு என்றுதான் சொல்வார்களாம். பூமிக்கடியில் கல்லாகக் கிடந்ததை நசுக்கி இழையாக்கியது என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. ஒரு கொத்தை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். குச்சி விரல் வரை எரிந்து அணைந்தது. பஞ்சு கருகவே இல்லை.

"பாத்தீங்களா டீச்சர்? நெருப்பே ஒண்ணும் பண்ண முடியல. சம்மனசுக்கு இத்தவிட வேற இன்னா வேணும்?" என்றார் அக்கா.

பாயில் உட்கார்ந்து அந்த இழைகளை விரலால் கோதுவார். சிக்கிக்கொண்டால் வாயருகே வைத்து ஊதிப் பிரிப்பார். கஞ்சித் தண்ணீர் தொட்டுச் சிறகாக வளைத்து, ஊசி முனையால் இறகு இறகாக வாரிவிடுவார். மடி முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். கை அரித்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் ஊசியை எடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தொண்டை கரகரக்கும். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் குறைவு. ஆனால் எல்லோரும் கேட்டு வாங்கிப்போனார்கள். சிலர் முருகன் படத்தின் பக்கத்தில் மாட்டினார்கள். கைக்குழந்தை இருந்த வீடுகளில் தொட்டிலுக்கு மேல் கட்டினார்கள். குழந்தை அண்ணாந்து அதைப் பார்த்தபடியே தூங்கிவிடும் என்று தாய்மார்கள் சொல்லும்போது அக்காவின் முகம் மலர்ந்துபோகும்.

பிறகு அண்ணனுக்கு இருமல் வந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். சைக்கிள் மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வந்தார். அப்புறம் நடக்கவும் சிரமப்பட்டார். உள்ளூரில் டி.பி. என்று சொல்லி ஊசி போட்டார்கள்; கேட்கவில்லை. கடைசியில் சென்னைக்கு அழைத்துப்போனார்கள். திரும்பி வந்த அக்கா வீட்டுக்குள் போகாமல் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"அது கல்நாராம் டீச்சர். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராதாம். எத்தினியோ வருசம் சும்மா கெடந்துட்டு, பொறவு எழுந்துக்குமாம். ஊட்டுக்கு அந்தத் தூசி வருதானு டாக்டர் கேட்டாரு. சட்டைய உதறுவேன்னு சொன்னேன். எழுதிக்கினு இருந்தவரு அப்டியே பேனாவ கீழ வச்சிட்டாரு. சிறகு தச்சத சொல்ல எனக்கு வாயே வரல."

அன்றைக்கே தன் வீட்டில் இருந்தவற்றைக் கழற்றி அடுப்பில் போட்டார். வேட்டித் துணி எரிந்தது. கண்ணும் வாயும் எரிந்தன. தணலை விலக்கிப் பார்த்தபோது சிறகுகள் மட்டும் சாம்பலில் அப்படியே கிடந்தன. அக்கா அவற்றைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ஜன்னலைப் பார்த்தார். நானே அவிழ்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் முதல் ஒரு வாளித் தண்ணீருடன் வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். வாங்கியதும் தண்ணீரில் அமுக்கிவிடுவார். பொடி பறக்கக் கூடாது. சிலர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். "குடுத்தத திருப்பிக் கேக்கறியே, எங்க ஊட்டுக்கு இன்னா ஆவணும்னு நெனச்சிக்கினு இருக்கே?" என்று ஒரு பெண் கத்தினாள். புருஷனின் நோவில் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்து, வீண் பேச்சு வேண்டாம் என்று படுக்கையில் கிடந்த அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் வந்துசேர்ந்தன, ஒன்றைத் தவிர. அது மீன்காரம்மா வீட்டில் இருந்தது. பழவேற்காட்டிலிருந்து வந்து ஸ்டேஷன் பக்கம் மீன் விற்றுக்கொண்டிருந்தவர். அக்கா போய்க் கேட்டதும் தொட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு புள்ளைங்கள மண்ணுல போட்டவ நானு. இத்த கட்டின பொறவுதான் இவன் தங்கினான். குடுக்க மாட்டேன்."

அக்கா வீட்டுக்கு வந்து இலவம் பஞ்சில் அதே அளவில், அதே முகத்துடன் ஒன்று தைத்து எடுத்துப்போனார். மீன்காரம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மின்னல. இது அது இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அது காக்கலம்மா. வெறும் கல்லுத்தூளு. நான் தச்சது. ஒம் புள்ள தங்கினது ஒன் பாலுல. சாமிய நான் தைக்க முடியுமா?"

அப்போது தொட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற பையன் எட்டிச் சிறகைப் பற்றினான். கையில் வந்த இழையை வாய்க்குக் கொண்டுபோனான். அக்கா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். விரல் விரலாகத் தன் ஈர முந்தானையால் துடைத்தார். நகக்கண்ணில்கூட ஓர் இழை ஒட்டியிருக்கிறதா என்று தேடினார். மீன்காரம்மா பையனைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துச் சம்மனசை வாளித் தண்ணீரில் போட்டார். அன்று சாயங்காலம் ஊருக்கு வெளியே தரிசில் இடுப்பளவு குழி வெட்டச் சொல்லி எல்லாவற்றையும் புதைத்தோம்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் இறந்துபோனார். அக்கா செவ்வாப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல உடம்போடு வெகுகாலம் இருந்தார். அந்தத் தொழிற்சாலையின் கேட்டைக்கூட அவர் தாண்டியதில்லை; ஆனாலும் முதுமையில் அதே வறட்டு இருமல் அவரைத் தேடி வந்தது. நான் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தன் நோவைப் பற்றிப் பேசவில்லை. "அந்த மீன்காரம்மா புள்ள எப்டி இருக்கான் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போது மணவாள நகரில் இருக்கிறேன். சென்ற ஆண்டு திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், நரைத்த மீசையுடன் ஒருவர் வந்து கும்பிட்டார். மீன்காரம்மாவின் மகன், என்னிடம் படித்தவன்தான். பேரன் பிறந்திருப்பதைச் சொன்னார். சாப்பாட்டுக் கூடம் மாடியில் என்று சொல்லி, கைகொடுத்து என்னை அழைத்துப்போனார். படி ஏறும்போது ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பேச்சுக்கு நடுவே அவர் மூச்சு எங்கேயாவது தடுக்குகிறதா என்றே கேட்டுக்கொண்டு வந்தேன். தடுக்கவில்லை. சீராக இருந்தது. மாடிக்கு வந்ததும் அவர்தான் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், இப்படி மூச்சு வாங்குது?"